எல்லாச் சென்சாருக்கும் ஒரே காது

வானிலையை அளக்கும் கருவிகள் தனித்தனி ஊர்களில், தனித்தனி ஆட்களின் கையில் பிறந்தவை. பாதரசக் காற்றழுத்தமானியை 1640களில் இத்தாலியில் டாரிசெல்லி உருவாக்கினார். தலைமுடி ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும்; அந்தக் குணத்தை வைத்தே ஓர் ஈரப்பதமானி செய்து, 1783ல் அதைப் பற்றி நூலும் எழுதினார் ஜெனீவாக்காரரான சொசூர். அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி, அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் ராபின்சன் செய்தது; ஆண்டு 1846.

ஆனால் வானிலை இப்படிப் பிரிந்து நிற்பதில்லை. வெப்பநிலை 33 டிகிரி என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உடம்புக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு ஈரப்பதமும் சேர்ந்தால்தான் புழுக்கத்தைக் கணக்கிடலாம். அழுத்தம் இறங்கிய நேரமும், காற்று திசை மாறிய நேரமும், முதல் துளி விழுந்த நேரமும் ஒரே தாளில் இருந்தால்தான் வானத்தில் என்ன நடந்தது என்பது புரியும். இன்று ஒருவர் மொட்டைமாடியில் ஒரு மழைமானி, நிழலில் ஒரு வெப்பமானி, கொல்லையில் மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு சென்சார் என்று வெவ்வேறு கம்பெனிகளின் கம்பியில்லாக் கருவிகளை வைத்து, அத்தனையையும் ஒரே திரையில் பார்க்கிறார். அவருடைய ஆசைக்கு வயது முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது.

1660களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் ரென் ஒரு யோசனையை முன்வைத்தார். பின்னாளில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான். அவர் சொன்னது ஒரு வானிலைக் கடிகாரம். ஊசல் கடிகாரம் ஒன்று காகிதத்தை மெல்ல நகர்த்தும். கருவிகள் தம் அளவை அந்தக் காகிதத்தில் தாமே பதிக்கும். ரென் தொடங்கியதை ராபர்ட் ஹூக் கையில் எடுத்து, 1679 வாக்கில் முடித்தார். சுருள்வில்லின் விதியால் இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கும் ஹூக் இவர். அவருடைய கடிகாரம் காற்றின் திசை, வேகம், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், மழை என ஆறையும் கால் மணிக்கு ஒருமுறை காகிதத்தில் துளையிட்டுப் பதிவு செய்தது. மழைக்கு வைத்த ஏற்பாடு, நிரம்பியதும் தானே கவிழ்ந்து காலியாகும் கிண்ணம். இன்று கடையில் வாங்கும் மழைமானியின் உள்ளேயும் அந்தக் கிண்ணத்தின் வாரிசுதான் கவிழ்ந்துகொண்டிருக்கிறது.

பல கருவி, ஒரே கடிகாரம், ஒரே பதிவு. வீட்டு வானிலை நிலையத்தின் கரு இதுதான். பிறகு வந்தவர்கள் சேர்த்தது எல்லாம் கருவிகளைப் பதிவிலிருந்து தூரத்தில் பிரித்து வைக்கும் வழி.

பிரித்து வைப்பது ஏன் அவசியம்? ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் இடம் வேண்டும். காற்றுவேகமானி உயரத்தில், தடையில்லாத இடத்தில் நிற்க வேண்டும். வானிலைத் துறைகளின் அளவுப்படி தரையிலிருந்து 10 மீட்டர். வெப்பமானிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1864ல் அதற்கென்றே வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்ந்த பலகைகள் வைத்த பெட்டியை வடிவமைத்தார். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். மழைமானியோ திறந்த வெளியில், மரமும் சுவரும் மறைக்காமல் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே கம்பத்தில் மாட்டினால் ஏதாவது ஒன்று பொய் சொல்லும். ஆகவே கருவிகளைப் பிரித்து வைக்கவும் வேண்டும், அவற்றின் கணக்கைச் சேர்த்து வைக்கவும் வேண்டும். கம்பி இழுத்தால் ஓரளவு முடியும். முழுதாகத் தீர்த்தது வானொலி.

1929, 1930 ஆண்டுகளில் பிரான்ஸில் ராபர்ட் பியூரோவும் சோவியத் நாட்டில் பாவெல் மல்ச்சானவும் பலூனில் கருவிகளையும் சிறு டிரான்ஸ்மிட்டரையும் கட்டி மேலே அனுப்பினார்கள். கருவி வானத்திலிருந்து பேசத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் தரையில் ஆளில்லாமல் நின்று பேசிய நிலையங்களில் என் மனதை விட்டு அகலாதது, போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் ஒளித்துவைத்த ஒன்று.

அட்லாண்டிக் பகுதியின் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. மேற்குக் கரை நேச நாடுகளின் கையில் இருந்ததால், நாளைய வானிலை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது, ஜெர்மானியர்களுக்குத் தெரியவில்லை. 1943 அக்டோபர் 22 அன்று யு-537 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, வட அமெரிக்காவின் லாப்ரடார் கரையில் மார்ட்டின் விரிகுடாவில் வந்து நின்றது. கப்பலில் இருந்த விஞ்ஞானி குர்ட் சொமர்மெயர். அவர் பெயராலேயே அந்த நிலையம் ‘குர்ட்’ எனப்பட்டது. தலா ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள பத்து உருளைப் பெட்டிகளை ரப்பர் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய் மலைமேல் தூக்கினார்கள். உள்ளே கருவிகள், டிரான்ஸ்மிட்டர், பேட்டரிகள். பக்கத்தில் 10 மீட்டர் உயர ஆன்டெனா. சீமென்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 3940 கிலோஹெர்ட்ஸில், வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் குறியீடாக்கி அனுப்பும். யாராவது பார்த்தால் சந்தேகப்படக் கூடாது என்று பெட்டியின்மேல் கனடா நாட்டு வானிலைச் சேவை என்று பொருள்படும் ஒரு பெயரை எழுதினார்கள். அந்தப் பெயரில் ஒரு நிறுவனமே கிடையாது. லாப்ரடார் அன்று கனடாவைச் சேர்ந்ததும் இல்லை. சுற்றிலும் அமெரிக்க சிகரெட் பெட்டிகளை வேறு போட்டுவிட்டுப் போனார்கள்.

சில வாரங்களுக்குள் குர்ட் பேச்சை நிறுத்தியது. போர் முடிந்த பிறகும் அதைத் தேடி யாரும் வரவில்லை. சீமென்ஸில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஃபிரான்ஸ் செலிங்கர், பழைய ஆவணங்களைப் புரட்டியபோது தடயம் கிடைத்து, கனடாவின் ராணுவ வரலாற்றாளர் அலெக் டக்ளஸுக்கு எழுதினார். 1981ல் போய்ப் பார்த்தபோது பெட்டிகள் அதே இடத்தில் கிடந்தன. இப்போது அந்த நிலையம் ஒட்டாவாவில் கனடா போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு டன் எடை கொண்ட அந்த ஏற்பாடு செய்த வேலையை இன்று உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் டப்பா இரண்டு சிறிய பேட்டரியில் ஓராண்டுக்கு மேல் செய்கிறது. போருக்காகப் பிறந்த யோசனை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாமா என்று பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி.

அந்த டப்பாவைத் திறந்து பார்க்கலாம். வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு தெர்மிஸ்டர், ஈரத்தை உணரும் சிறு தகடு, கறுப்புப் பிசினுக்கு அடியில் ஒரு சிப், ஓரத்தில் சிறிய டிரான்ஸ்மிட்டர் பலகை. அதிலிருந்து சுருட்டிவிட்ட ஒரு கம்பி. அதன் நீளம் பெரும்பாலும் 17 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கு அது. ஐரோப்பாவில் சிறு கருவிகள் உரிமம் இல்லாமல் பேச ஒதுக்கப்பட்ட அதிர்வெண் என்பதால், உலகச் சந்தைக்குச் செய்யப்படும் மலிவான சென்சார்களில் பெரும்பகுதி அங்கேதான் பேசுகிறது.

அது என்ன பேசுகிறது? பல பெயர்களில் விற்கப்படும் நெக்ஸஸ் வகைச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்திக்கு மொத்தம் 36 பிட். முதல் 8 பிட் அதன் அடையாள எண். அடுத்து ஒரு பிட் பேட்டரி நலமா என்று சொல்லும். ஒன்று வெறுமை. இரண்டு பிட், சேனல். பிறகு 12 பிட் வெப்பநிலை, பத்தால் பெருக்கிய முழு எண்ணாக. 27.3 டிகிரி என்றால் 273. அது காற்றில் 0001 0001 0001 என்று போகும். அடுத்த நான்கு எப்போதும் 1111. கடைசி 8 பிட் ஈரப்பதம். ஒவ்வொரு பிட்டும் அரை மில்லிவினாடித் துடிப்பு ஒன்றும் அதன்பின் ஓர் இடைவெளியும். இடைவெளி ஒரு மில்லிவினாடி என்றால் 0, இரண்டு என்றால் 1. இதே செய்தியை வரிசையாகப் பன்னிரண்டு முறை சொல்லிவிட்டுச் சென்சார் தூங்கப் போய்விடும். பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் எதுவும் செய்தியில் இல்லை. கேட்பவர் அதே வரி மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பெறுபவரின் பெயர் செய்தியில் இல்லை; பூட்டும் இல்லை. சந்தையில் விலை கூவும் வியாபாரியைப் போல, காது உள்ள யாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போகிறது. கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. திரும்பிக் கேட்கக் காதும் கிடையாது. அனுப்பும் பகுதி மட்டும் இருப்பதால்தான் விலையும் குறைவு, பேட்டரியும் நீடிக்கிறது.

எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூவினால் மோதாதா? மோதும். அதற்கு ஆரிகன் சயின்டிஃபிக் என்ற கம்பெனியின் சென்சார்களில் கண்ட தீர்வு அழகானது. முதல் சேனலில் வைத்த சென்சார் 39 வினாடிக்கு ஒருமுறை பேசும், இரண்டாவது 41, மூன்றாவது 43. பொது வகுத்தி இல்லாத எண்கள். முதல் இரண்டும் ஒருமுறை மோதினால், அடுத்து மோத 1599 வினாடி, ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். மூன்றும் ஒன்றாக மோத 19 மணி நேரம். ஒன்றையொன்று கேட்க முடியாத கருவிகளை வெறும் கணக்கால் ஒழுங்குபடுத்திய அந்தப் பொறியாளரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை, பொறித்திருக்க வேண்டும்.

இவ்வளவு திறந்த பேச்சாக இருந்தும், பல ஆண்டுகள் அதைக் கேட்க ஒவ்வொரு கம்பெனியும் தன் டிஸ்பிளேயை மட்டுமே தந்தது. இந்தக் கம்பெனி டிஸ்பிளேவுக்கு அந்தக் கம்பெனி மழைமானியின் குறியீடு புரியாது. மூன்று வகைச் சென்சார் வாங்கியவர் மேசையில் மூன்று டிஸ்பிளே. ஹூக் ஒரே காகிதத்தில் கொண்டுவந்ததை வியாபாரம் மறுபடி பிரித்துப்போட்டது என்பதே என் கருத்து.

அதைத் திரும்பச் சேர்த்தது ஒரு டிவி டாங்கிள்.

ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவியைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காக விற்ற, சுமார் 20 டாலர் விலையுள்ள யு.எஸ்.பி. குச்சி அது. உள்ளே ரியல்டெக் கம்பெனியின் ஆர்.டி.எல்.2832யு என்ற சிப். அதில் எஃப்.எம். ரேடியோவும் கேட்கலாம். எஃப்.எம். ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையைச் சிப் தானே செய்யாமல், ஆன்டெனாவில் வந்த அலையை அப்படியே எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும்; மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எரிக் ஃப்ரை 2010ல் இதன் முதல் தடயத்தைக் கண்டார். 2012 பிப்ரவரியில் பின்லாந்தைச் சேர்ந்த அன்ட்டி பலோசாரி, இந்தக் குச்சி தன் எல்லைக்குள் வரும் அலையைக் கச்சாவாகத் தரும் என்று காட்டினார். ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கு டிரைவர் எழுதினார்கள். அதுவரை நூற்றுக்கணக்கான டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ரேடியோ, ஒரு சாப்பாட்டுச் செலவுக்குக் கைக்கு வந்தது. அதே பிப்ரவரியின் கடைசி நாளில்தான் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. இரவும் பகலும் ஓடினாலும் மின்கட்டணம் தெரியாத சிறு கம்ப்யூட்டர். காதும் மூளையும் ஒரே மாதத்தில் கிடைத்தன; யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை.

அந்த ஆண்டே பெஞ்சமின் லார்சன் ஆர்.டி.எல். 433 என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். குச்சியை 433.92ல் வைத்துவிட்டால், காற்றில் வரும் துடிப்புகளை அளந்து, எந்தக் கருவியின் குறியீடு என்று கண்டுபிடித்து, வெப்பநிலை இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு என்று வரியாகத் தரும். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இன்று அது இருநூறுக்கும் மேற்பட்ட கருவிகளைப் புரிந்துகொள்கிறது. அந்த எண்ணிக்கை ஒரு கம்பெனியிடமிருந்து வந்ததில்லை. தன் வீட்டுச் சென்சாரின் குறியீட்டைத் தானே உடைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்தது. செய்யும் முறையும் எளியது. சென்சாரின் பேச்சைப் பதிவு செய்துகொள். அதை ஃபிரிட்ஜுக்குள் வை. வெப்பம் இறங்க இறங்க எந்த பிட்டுகள் மாறுகின்றன என்று பார். அவைதான் வெப்பநிலை. பேட்டரியைக் கழற்றி மாட்டு. மாறிய பிட்டுகள் அடையாள எண். ஆவணம் தராத கம்பெனியின் குறியீட்டை இப்படிப் பொறுமையால் திறந்த அந்த மனிதர்கள்தான் வீட்டு வானிலை நிலையத்தைப் பெற்றெடுத்தவர்கள் என்பேன்.

வந்த வரிகளைத் தொகுக்கவும் ஆள் இருந்தார்கள். டாம் கெஃபர் எழுதிய வீவெக்ஸ் என்ற திறந்த மென்பொருள் வானிலைக் கணக்குகளைச் சேமித்து, வரைபடமும் நாள், மாத அறிக்கையும் போடும். மேத்யூ வால் எழுதிய இணைப்பு, ஆர்.டி.எல். 433 கேட்டதை வீவெக்ஸுக்குள் கொண்டுசேர்க்கும். வேறு வழியில் போகிறவர்கள் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறையில் அனுப்புகிறார்கள். அது 1999ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது.

சேர்த்து வைக்கும்போது சில இடங்கள் கால் இடறும். முதலாவது காற்றழுத்தம். வீட்டுக்கு உள்ளும் வெளியும் அழுத்தம் ஒன்றே என்பதால், பெரும்பாலான கம்பெனிகள் அழுத்தமானியை டிஸ்பிளேக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. அது காற்றில் பேசுவதே இல்லை. டாங்கிளால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுத்தத்தைத் தேடினால் கிடைக்காது. பாஷ் கம்பெனியின் பி.எம்.இ.280 என்ற, இரண்டரை மில்லிமீட்டர் சதுரச் சிப்பை ராஸ்பெரி பையில் கம்பியால் இணைத்தால் அந்தக் குறை தீரும். அது காட்டுவது உங்கள் மாடியின் அழுத்தம். கடல்மட்டத்துக்கு மாற்ற, தாழ்வான ஊர்களில் 8 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் கூட்ட வேண்டும்.

இரண்டாவது மழை. மழைமானி ‘இப்போது இவ்வளவு பெய்தது’ என்று சொல்வதில்லை. கிண்ணம் தொடக்கத்திலிருந்து மொத்தம் எத்தனை முறை கவிழ்ந்தது என்பதையே ஒவ்வொரு தடவையும் சொல்லும். பத்துச் செய்தி காணாமற்போனாலும் பதினொன்றாவதில் கணக்கு நேராகிவிடும். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நான் மலிவுக் கருவிகளில் பார்த்ததில்லை. ஆனால் பேட்டரி மாற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகலாம். அடையாள எண்ணும் மாறலாம். மாறினால் அன்றைக்கு ஒருமுறை மென்பொருளில் புது எண்ணைப் பதிய வேண்டும்.

மூன்றாவது, அக்கம்பக்கம். காது எல்லாவற்றையும் கேட்கும். பக்கத்து வீட்டுச் சென்சாரும் வரும். தெருவில் போகும் காரின் டயர் அழுத்தச் சென்சாரும் வரும். தன்னுடைய எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே மரியாதை.

இத்தனைக்கும் பலன் என்ன என்றால், ஒரு கருவி பொய் சொல்லும்போது மற்றது காட்டிக்கொடுக்கும். நிழலில் இரண்டு வெப்பமானிகள் ஒட்டிப்போக, மாடியில் இருப்பது மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்குத் துள்ளிக் குதித்தால், அங்கே வெயில் நேராக அடிக்கிறது என்று அர்த்தம். தனித்தனி டிஸ்பிளேயில் இது ஒருநாளும் தெரியாது. இப்படிச் சரிபார்த்த கணக்கு வீட்டுக்கு வெளியேயும் பயன்படும். பிரிட்டன் வானிலைத் துறை 2011லேயே வீட்டு நிலையங்களின் அளவுகளைப் பொதுமக்களிடமிருந்து வாங்கி வரைபடத்தில் வைக்கத் தொடங்கியது.

இங்கே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்சார் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறது என்று பெட்டியில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 915 என்று போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. இந்தியாவில் 900ஐச் சுற்றிய அலைகள் செல்போனுக்கு ஒதுக்கப்பட்டவை. சிறு கருவிகளுக்கு இங்கே 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் திறந்திருக்கிறது. டிஸ்பிளே கெட்டுப்போய்ச் சென்சார் மட்டும் பரணில் கிடந்தால் அதைக் குப்பையில் போட வேண்டாம். புது பேட்டரி போட்டு, ஒரு டாங்கிளை வைத்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது இன்னும் நன்றாகவே பேசும்.